பன்னிரண்டாம் கேள்வியும் பத்தொன்பது பேரும்

ஒருவரிடம் கேள்வி கேட்பதற்கு முன்னால் அவர் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மனோதத்துவ ஆராய்ச்சி பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இதைத் தெரிந்துகொள்ள எனக்குப் பத்தொன்பது பேரும் மூன்று புடவைக்கான ஒரு பட்டுப் பாவும் தேவைப்பட்டன. (மற்றவர்கள் புத்தகம் படித்தே தெரிந்துகொள்கிறார்களாம். கொடுத்து வைத்தவர்கள்.)

தொண்ணூறுகளின் கடைசி. ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். நெசவுக் குடும்பத்தில் பிறந்தவனுக்கு ஜெராக்ஸ் மெஷினிடம் என்ன வேலை என்று கேட்பீர்கள். என்னையும் தறியில் உட்கார வைத்துத்தான் பார்த்தார்கள். நாலாவது நாள் அப்பா தறியையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "டேய் மூர்த்தி, நீ நெய்யறதவிட அறுக்கறதுதான் ஜாஸ்தியா கீது. எயிந்து வெளிய வா" என்றார். வெளியே வந்தவன் நேராக ஜெராக்ஸ் கடையில் போய் நின்றேன்.

பத்தாவதோடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டோம். ஆனால் கடைக்கு வரும் காகிதம் எதையும் படிக்காமல் விடமாட்டேன். பத்திரம், ஜாதகம், டாக்டர் சீட்டு, கல்யாணப் பத்திரிகை எதுவானாலும் மெஷினுக்குள் போகும் முன் என் கண்ணுக்குள் போய்விடும். அதோடு நிறுத்தினாலும் பரவாயில்லை. கருத்தும் சொல்வேன். ("இந்த ஜாதகத்துக்கு அந்த ஜாதகம் சேராதுங்க." வாடிக்கையாளர்கள் என்னை எப்படிப் பொறுத்துக்கொண்டார்கள் என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.)

அப்படித்தான் வசந்தி மேடம் மாட்டினார். சென்னையிலிருந்து வந்திருந்தார். மனோதத்துவத்தில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி. கையில் ஒரு கேள்வித்தாள். 'பட்டு நெசவாளர்களின் மனநிலையும் பணி நிறைவும்' என்று தலைப்பு. அதில் அறுபது பிரதி கேட்டார். மூன்றாவது பிரதி வெளியே வரும்போது நான் வாயைத் திறந்துவிட்டேன்.

"மேடம், 'என் பணிச்சூழல் எனக்கு மனநிறைவை அளிக்கிறது'ன்னு கேட்டா எங்க ஜனம் தண்ணி குடுத்து அனுப்பிடும். 'தறியாண்ட ஒக்காந்தா மனசு நல்லாக்கீதா?'ன்னு கேளுங்க. அப்பறம் எயிந்து வர்றதுக்கே மணி ஆவும்."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். அடுத்த நாள் நான் 'கள ஆய்வாளர்' ஆகிவிட்டேன். கடை முதலாளி பத்து நாள் லீவு கொடுத்தார். அவர் முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

மேடத்தின் நிலைமை கொஞ்சம் நெருக்கடி. அவருடைய வழிகாட்டிப் பேராசிரியர் அந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். வெள்ளிக்கிழமை அறுபது படிவங்களையும் கொண்டுபோய் அவர் மேஜைமேல் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் புது வழிகாட்டி, புதுத் தலைப்பு, நாலு வருஷ உழைப்பு அம்போ. "உங்களை நம்பித்தான் இருக்கேன் மூர்த்தி" என்று சொல்லிவிட்டு வேறு வேலையாகச் சென்னைக்குப் பஸ் ஏறினார். என்னை நம்பி ஒருவர் பஸ் ஏறியது அதுதான் முதல் தடவை.

போகும்முன் பாடம் எடுத்தார். கேள்வி கேட்கும்போது முகம் சுவர் மாதிரி இருக்க வேண்டும். சிரிக்கக் கூடாது. தலையாட்டக் கூடாது. "ஆமாமா, எங்க வீட்லயும் அப்படித்தான்" என்று சொல்லவே கூடாது. ஒவ்வொருவரையும் தனியாக வைத்துக் கேட்க வேண்டும். பதில்கள் இரகசியம்.

கடைசி விஷயத்தை எங்கள் தெருவில் சொன்னபோது ராஜம்மா அக்கா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சிரித்தார். "ரகசியமா? எங்க ஊட்ல சாம்பார்ல உப்பு கொறஞ்சா நாலாவது ஊட்லேர்ந்து கொண்டாந்து குடுக்கறாங்க. இதுல நீ ரகசியம் பேச வந்துட்டியா?"

முதல் நாளே இன்னொரு சிக்கல். ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து பதில்கள். முழுமையாக உடன்படுகிறேன், ஓரளவு உடன்படுகிறேன், கருத்து இல்லை, ஓரளவு மறுக்கிறேன், முழுமையாக மறுக்கிறேன். இதை ஒரு பெரியவரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் நடுவில் இருந்ததைப் பிடித்துக்கொண்டார்.

"கருத்து இல்லையா? யாருக்குடா கருத்து இல்ல? எனுக்கா?"

அவரைச் சமாதானப்படுத்தவே அரை மணி ஆனது. அப்போதுதான் என் மூளையில் அந்த யோசனை உதித்தது. "பெரிப்பா, வெரல காட்டுங்க போதும். முழுசா ஒத்துக்கறீங்கன்னா அஞ்சு வெரலு. சுத்தமா ஒத்துக்கலன்னா ஒரு வெரலு. நடுவுல உங்க இஷ்டம்."

அற்புதமாக வேலை செய்தது! தறியை நிறுத்திக் கையை உயர்த்திக் காட்டிவிட்டு மறுபடி நெய்யப் போய்விடுவார்கள். மேடத்துக்கு எஸ்.டி.டி. போட்டுச் சொன்னேன். "ரொம்ப நல்ல ஐடியா மூர்த்தி" என்றார். பூத்திலிருந்து வெளியே வரும்போது தலையைக் கொஞ்சம் குனிந்துதான் வந்தேன். அவ்வளவு உயரம் ஆகியிருந்தேன்.

ஆனால் வேலை மெதுவாகத்தான் நகர்ந்தது. காரணம் நான்தான். எனக்கு மனிதர்கள் பேசுவதைக் கேட்கப் பிடிக்கும். விரலை எண்ணிக்கொண்டு கிளம்ப வேண்டியவன் படிவத்தின் ஓரத்தில் அவர்கள் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். 'அடிக்கடி கோபம் வருமா?' என்பதற்கு ஒரு அம்மா சொன்னது: "வரும். ஆனா தங்காது. காபி குடிச்சிட்டுக் கெளம்பிடும்." 'இரவில் தூக்கம் வருகிறதா?' என்பதற்கு ஒருவர்: "அது கரெக்டா வந்துகினுதான் கீது. நான்தான் ஊட்ல இருக்கறதில்ல." இதையெல்லாம் ஐந்தில் எத்தனை என்று போடுவது? (சுவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு இதைக் கேட்க முடிந்தால் நான் சுவராகவே பிறந்திருப்பேன்.)

விளைவு: புதன்கிழமை சாயங்காலம் நாற்பத்தொரு படிவங்கள்தான் முடிந்திருந்தன. இன்னும் பத்தொன்பது வேண்டும். முகூர்த்த மாதம் வேறு நெருங்கிவிட்டது. எந்த வீட்டில் நுழைந்தாலும் "அப்பால வா" என்றார்கள். மேடம் வியாழக்கிழமை வந்து படிவங்களை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

வியாழக்கிழமை காலை, பத்தொன்பது வெற்றுப் படிவங்களோடு தெருவில் நடந்துகொண்டிருந்தேன். திருப்பத்தில் அப்படியே நின்றுவிட்டேன்.

ஏகாம்பரம் அண்ணன் வீட்டுப் பாவைத் தெருவில் நீட்டியிருந்தார்கள். பாவு என்றால் புடவையின் நீளவாட்டில் ஓடும் ஆயிரக்கணக்கான பட்டு இழைகள் சேர்ந்த கற்றை. தறியில் ஏற்றுவதற்கு முன் தெருவின் நீளத்துக்கு அதை விரித்து, அறுந்த இழைகளைத் தேடி முடிபோட வேண்டும். ஒரு வீட்டு ஆட்கள் போதாது, தெருவே வந்து கை கொடுக்கும். ஒரு முனை கம்பத்தில் கட்டியிருந்தது. மறுமுனையை நாலு பேர் தேர் வடம் மாதிரி இழுத்துப் பிடித்திருந்தார்கள். நடுவில் இரண்டு பக்கமும் ஆண்களும் பெண்களுமாக வரிசை. யாரும் நகர முடியாது. யாரும் "அப்பால வா" என்று சொல்ல முடியாது.

எண்ணிப் பார்த்தேன். பத்தொன்பது பேர்!

ஒவ்வொருவராகத் தனியாகக் கேட்க வேண்டும் என்ற விதி எனக்கு ஞாபகம் வராமல் இல்லை. வந்தது. காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டது.

"ஏகாம்பரண்ணா, சும்மாதான நிக்கறீங்க. நான் கேள்வி கேக்கறேன், நீங்க வெரல காட்டுங்க. பத்து நிமிஷம். ஒரு பொண்ணோட படிப்பு இதுலதான் கீது."

"சும்மா நிக்கறமா? டேய், நெய்யத் தெரியாதவன் பேசற பேச்சாடா இது?" என்றார் அவர். ஏகாம்பரம் அண்ணன் இழுத்துப் பிடித்திருந்த நாலு பேரில் ஒருவர். "சரி கேளு. ஜல்தி கேளு. இது முகூர்த்தப் பாவு, பேஜார் பண்ணாத."

நடுத்தெருவில் நின்று வாசிக்க ஆரம்பித்தேன். 'எனக்கு அடிக்கடி தலைவலி வருகிறது.' ஒரு கையால் பாவைப் பிடித்துக்கொண்டு மறு கையால் இரண்டு விரல், மூன்று விரல் காட்டினார்கள். வரிசையாக எண்களைக் குறித்துக்கொண்டே நடந்தேன். பாவு லேசாக ஆடியது. அவ்வளவுதான். 'என் வேலையை நான் விரும்புகிறேன்.' நாலு, நாலு, ஐந்து. மேலே போனேன். பதினொரு கேள்விகள் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போயின. பேராசிரியர் எனக்கு மாலை போடுவதுபோல ஒரு காட்சிகூடக் கண்ணில் ஓடியது.

பன்னிரண்டாம் கேள்வியை நல்ல கணீர்க் குரலில் வாசித்தேன்.

"என் வீட்டில் என் பேச்சை யாரும் கேட்பதில்லை."

முதலில் ஏகாம்பரம் அண்ணனின் கை உயர்ந்தது. ஐந்து விரல், நன்றாக விரித்து. எதிர் வரிசையில் நடுவில் நின்றிருந்தார் அவருடைய மனைவி. ஆமாம், அதே ராஜம்மா அக்காதான்.

"யோவ்! உன் பேச்ச யாரும் கேக்கறதில்லியா? நீ சொன்னன்னுதான் இந்த கலர்ல பாவு போட்டுகினு நிக்கறேன்! டேய் மூர்த்தி, எனுக்கு எயிதுடா!" என்று ஐந்து விரலைக் காட்டினார். அவரைவிட ஒரு சாண் உயரமாக.

"உனுக்கு அஞ்சா? அப்ப எனுக்குப் பத்து போடு!" என்று ஏகாம்பரம் அண்ணன் இரண்டாவது கையையும் தூக்கினார்.

"எங்களுக்கு மட்டும் கை இல்லியா?" என்று ராஜம்மா அக்காவும் தூக்கினார். பக்கத்திலிருந்த ஒரு மாமியார் தூக்கினார். அதைப் பார்த்து எதிரில் நின்ற அவருடைய மருமகள் தூக்கினாள். இழுத்துப் பிடித்திருந்த மற்ற மூன்று பேரும் யோசிக்கவேயில்லை. எத்தனையோ வருஷமாக அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்கள் மாதிரி தூக்கினார்கள். தெரு நெடுக ஆகாயத்தை நோக்கிக் கைகள்! கோயிலில் கற்பூரம் காட்டும்போதுகூட இவ்வளவு ஒற்றுமையாக எங்கள் ஜனம் கையைத் தூக்கியதில்லை.

பட்டு விழும்போது சத்தம் வராது. அதுதான் அதில் பயங்கரம். அரக்குச் சிவப்புப் பாவு முழுவதும் அமைதியாகப் பெருமூச்சு விட்டதுபோலக் கீழே இறங்கி, காலையில் போட்டிருந்த கோலங்களின்மேல் படுத்துக்கொண்டது.

தூக்கிய கைகள் தூக்கியபடியே இருந்தன. பத்தொன்பது பேரும் கீழே பார்த்தார்கள். அப்புறம் பத்தொன்பது பேரும் என்னைப் பார்த்தார்கள்.

இல்லை, பதினெட்டு பேர்தான். ஒருத்தி என்னைப் பார்க்கவில்லை. வரிசையின் நடுவில், தெருவில் முழங்கால் போட்டு, ஒரு குச்சியை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். இழைகள் ஒன்று மேல், ஒன்று கீழ் என்று மாறி மாறிப் போகும் வரிசையைக் காப்பாற்றுவது அந்தக் குச்சிதான். அது உருவிக்கொண்டால் எந்த இழைக்குப் பக்கத்தில் எந்த இழை என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. பாவைச் சுருட்டி எறிய வேண்டியதுதான். அவளுடைய ஒரு கை குச்சியில். இன்னொரு கை மேலே. அதில் ஒரே ஒரு விரல்.

என்னை எச்சரிக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது. அது அவளுடைய பதில். முழுமையாக மறுக்கிறேன்.

அவள் பெயர் அமுதா. ராஜம்மா அக்காவின் தங்கை. தேவிகாபுரத்திலிருந்து வந்து அக்கா வீட்டில் தங்கி நெய்துகொண்டிருந்தாள்.

"குச்சி கீதா?" என்று ஏகாம்பரம் அண்ணன் கேட்டார்.

"கீது மாமா. யாரும் அசையாதீங்க. கோலத்த மிதிக்காதீங்க. அந்தாண்ட இருந்து ஒவ்வொருத்தரா ஒக்காருங்க." கடைசியாக என் பக்கம் திரும்பினாள். "அந்த பேப்பர கீழ வெச்சிட்டு வந்து ஒக்காருங்க."

வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

அதற்குப்பின் நான் வாங்கிய வசவுகளை இங்கே எழுதினால் பத்திரிகை அச்சாகாது. என் அப்பாவுக்குச் சேதி போய், அவர் வந்து பார்த்து, "தறியிலேர்ந்து வெளிய அனுப்பனேன். தெருவுக்கே வந்துட்டானா?" என்று சொல்லிவிட்டு அவரும் உட்கார்ந்து இழை பிரிக்க ஆரம்பித்தார்.

பத்து மணிக்கு வசந்தி மேடம் வந்தார். அவர் பார்த்தது இதுதான்: தெரு நடுவே பாவைச் சுற்றி ஒரு கூட்டம் குனிந்து உட்கார்ந்திருக்கிறது. மூக்கின் நுனியில் கோலமாவோடு அவருடைய கள ஆய்வாளர் நடுவில். பக்கத்தில் கல்லை வைத்து மூடிய பத்தொன்பது அரைகுறைப் படிவங்கள்.

நடந்ததைச் சொன்னேன். 'எல்லோரையும் சேர்த்து' என்று நான் சொன்ன இடத்தில் மேடம் கண்ணை மூடினார். 'இரண்டு கையையும்' என்ற இடத்தில் திறந்தார்.

"நாளைக்கு நான் என்ன பண்ணுவேன் மூர்த்தி?" என்றார். திட்டியிருந்தால் தேவலை. அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

பதில் சொன்னது ராஜம்மா அக்கா. "நின்னுகினு இருந்தா இழ வராது மேடம். மொதல்ல ஒக்காருங்க. கைதான் மாட்டிகினு கீது, வாய் சும்மாதான கீது. நீங்க ஒவ்வொருத்தரா கேளுங்க."

மேடம் தெருவில் உட்கார்ந்தார். அமுதா அவர் கையில் ஒரு பிடி இழையைக் கொடுத்து, எப்படிப் பிரிப்பது என்று காட்டினாள். மேடம் ஒவ்வொருவர் பக்கத்திலும் நகர்ந்து நகர்ந்து போய், இழை பிரித்துக்கொண்டே தாழ்ந்த குரலில் கேட்டார். அவர்கள் தலை நிமிராமலே பதில் சொன்னார்கள். எனக்குக் கொடுத்த வேலை, மேடம் சைகை காட்டும்போது படிவத்தில் எண் போடுவது மட்டும். பேசக் கூடாது என்று தெருவே சேர்ந்து தீர்ப்புச் சொல்லியிருந்தது.

பன்னிரண்டாம் கேள்வி ஏகாம்பரம் அண்ணனிடம் மறுபடி வந்தது. எல்லோரையும் போலத்தான் நானும் காதைத் தீட்டிக்கொண்டேன். அவர் ராஜம்மா அக்கா இருக்கும் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, மெல்ல, "கேக்கறா மேடம். கேக்காம இன்னா. சொன்ன உடனே கேக்க மாட்டா, அவ்ளோதான். ரெண்டு போட்டுக்கோங்க" என்றார்.

ராஜம்மா அக்காவும் இரண்டு என்றார். "அவுரு கேப்பாரு. நான் சொன்னத ஒரு வாரம் கயிச்சி அவுரு யோசன மாதிரி சொல்லுவாரு. ஆனா கேப்பாரு."

பத்து விரல் தூக்கியவர்கள் எல்லோரும் இரண்டுக்கும் மூன்றுக்கும் இறங்கிவிட்டார்கள்! மேடம் இழையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். முகம் சுவர் மாதிரி இல்லை. "மூர்த்தி, காலையில நீங்க குறிச்ச எண்ணை அழிச்சுடாதீங்க. அதுவும் எனக்கு வேணும். கூட்டத்துல சொன்னதையும் தனியா சொன்னதையும் பக்கத்துல பக்கத்துல வைக்கப்போறேன்."

அமுதாவின் முறை வந்தது. அவள் மறுபடியும் ஒன்று என்றாள்.

"அப்படின்னா உங்க பேச்சை எல்லாரும் கேட்பாங்களா?" என்று மேடம் கேட்டார்.

"கேப்பாங்க."

"கேக்கலைன்னா?"

"திருப்பி சொல்லுவேன்."

நான் எண்ணைப் போட மறந்துவிட்டேன். "ஒண்ணு போடுங்க" என்றாள் அவள். போட்டேன். "கட்டத்துக்குள்ள போடுங்க" என்றாள். அழித்துவிட்டுக் கட்டத்துக்குள் போட்டேன்.

மூன்று மணிக்குப் பாவு மறுபடி நிமிர்ந்து நின்றது. அங்கங்கே கொஞ்சம் கோலமாவு. உதறினால் போய்விடும் என்றார்கள், போய்விட்டது. மேடம் அறுபது படிவங்களோடு நாலு மணி பஸ் ஏறினார். வெள்ளிக்கிழமை பேராசிரியர் மேஜையில் வைத்தார். ஓய்வு பெறும் மனிதர் ஓரத்தில் நான் கிறுக்கியிருந்ததையெல்லாம் படித்துவிட்டு, யார் இந்த ஆள் என்று கேட்டாராம். பட்டம் கிடைத்தபிறகு மேடம் அந்த ஆய்வேட்டின் பிரதி ஒன்றை எனக்கு அனுப்பினார். என் பெயர் நன்றி சொல்லும் பக்கத்தில் இருக்கிறது. 'ஆய்வு முறையிலிருந்த பிழைகள்' என்ற பக்கத்தில் பெயர் இல்லாமல் இருக்கிறேன். இரண்டாவது பக்கத்தில்தான் எனக்கு அதிக இடம்.

அடுத்த வருஷம் எனக்கும் அமுதாவுக்கும் கல்யாணம். பேச்சை எடுத்தது ராஜம்மா அக்கா. என்னைப் பற்றி அவர் என் மாமனாரிடம் சொன்ன ஒரே தகுதி: "சொன்னா ஒக்காருவான்." மேடம் கல்யாணத்துக்கு வந்திருந்தார். மாலை மாற்றுவதற்காக நான் இரண்டு கைகளையும் உயர்த்தியபோது, பந்தலின் கடைசி வரிசையிலிருந்து ஏகாம்பரம் அண்ணன் குரல் வந்தது. "எல்லாரும் கையில கீறத கெட்டியா புடிச்சிக்கோங்க! மூர்த்தி கைய தூக்கிட்டான்!" பந்தலே சிரித்தது. நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

அன்றிலிருந்து எங்கள் உறவு ஜனம் மொத்தமும் இப்படித்தான். யாராவது எதற்காவது வேகமாக ஒத்துக்கொண்டால், "கையில இன்னா கீதுன்னு பாத்துட்டு தூக்கு" என்பார்கள். நிச்சயதார்த்தத்தில் சொல்வார்கள். நிலம் பேசி முடிக்கும்போது சொல்வார்கள். குழந்தைக்குப் பேர் வைக்கும்போதுகூடச் சொன்னார்கள்.

போன மாதம், கல்லூரியில் படிக்கும் என் மகள் ஏதோ பாடத்துக்காகப் போனில் ஒரு கேள்வித்தாள் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். நான் அப்போது பெரிய சட்டி நிறைய இட்லி மாவைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

"அப்பா, ஒரே கேள்வி. உங்க பேச்ச ஊட்ல யாருமே கேக்கறதில்லன்னு உங்களுக்குத் தோணிகீதா? அஞ்சுக்கு எவ்ளோ?"

இருபத்துச் சொச்சம் வருஷ அனுபவம். என் இரண்டு கைகளும் தாமாகவே துடித்தன.

உள்ளேயிருந்து அமுதாவின் குரல் வந்தது. "மாவ கீழ வெச்சிட்டு தூக்குங்க."

வைத்துவிட்டுத் தூக்கினேன்.